பௌபஜார் தெருவில் ஒரு அக்கௌண்ட்ஸ் ஆபீசர்

சென்ற தை மாதம் எங்கள் உறவில் ஒரு உபநயனத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து தாம்பூலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த இளவட்டங்கள் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கார், எத்தனை குளியலறை என்றெல்லாம் கணக்கு. பேச்சு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது: பேர் வாங்கியவர்களுக்குக் கவலை என்று ஒன்று கிடையாது, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எல்லாமே ஆனந்தம்தான் என்று.

நான் குறுக்கே பேசவில்லை. எழுபது தாண்டியவன் கல்யாண வீட்டில் உபந்யாசம் ஆரம்பித்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்பது அனுபவத்தில் கண்டது. ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது அதே யோசனை. பிரபலமானவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள்? யார் காப்பி போட்டுக் கொடுத்தது? ஆபீசிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தார்கள்? நம் வீட்டுப் பாடப்புத்தகங்களில் இதெல்லாம் இருப்பதில்லை. பிறந்தார், கண்டுபிடித்தார், பரிசு பெற்றார் என்று மூன்று வரியில் முடிந்துவிடுகிறது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஸர் சி.வி. ராமன். காரணம் இரண்டு. நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். பிறகு மத்திய சர்க்காரின் கணக்குத் துறையில் சேர்ந்து முப்பத்தைந்து வருஷம் பில்லும் வவுச்சரும் பார்த்தவன். ராமன் அவர்களும் பத்து வருஷம் அதே வேலையைத்தான் பார்த்தார். நோபல் பரிசு வாங்கிய ராமனை என்னால் கற்பனை செய்ய முடியாது. அஸிஸ்டெண்ட் அக்கௌண்டன்ட் ஜெனரல் ராமனை நன்றாகவே கற்பனை செய்ய முடியும்.

பூர்வ கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1888 நவம்பர் 7ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் ஜனனம். தகப்பனார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைக்கவே குடும்பம் அங்கே போயிற்று. எட்டுக் குழந்தைகள், ராமன் இரண்டாவது. பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் 1904ல் பி.ஏ., 1907ல் எம்.ஏ. நடுவில், பதினெட்டு வயதில், ஒளி பற்றிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906ல் லண்டன் ஃபிலாஸஃபிகல் மாகஸினில் வெளிவந்தது.

இவ்வளவு கெட்டிக்காரப் பையன் சீமைக்குப் போய்ப் படித்திருக்க வேண்டியது. உடம்பைப் பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர் இங்கிலாந்துக் குளிரை இந்தப் பையன் தாங்கமாட்டான் என்று சொல்லிவிட்டார். அப்போது இந்தியாவில் விஞ்ஞானம் படித்தவனுக்கு விஞ்ஞானத்தில் ஜீவனம் இல்லை. மிச்சம் இருந்த பெரிய உத்தியோகம் நிதித் துறை. அண்ணா சுப்ரமண்ய ஐயர் ஏற்கெனவே கணக்குத் துறையில் போய்விட்டார் (இவருடைய பிள்ளைதான் 1983ல் நோபல் பரிசு பெற்ற வானியல் நிபுணர் சந்திரசேகர்). ராமனும் பரீட்சை எழுதினார், முதலாவதாகத் தேறினார். 1907 ஜூனில் கல்கத்தாவில் போஸ்டிங்.

போவதற்கு ஒரு மாதம் முன்பு, மே 6ஆம் தேதி, விவாகம். இதிலும் அவர் வழி தனி. நண்பர் ஒருவர் வீட்டில் அவருடைய மைத்துனி லோகசுந்தரி வீணை வாசித்ததைக் கேட்டு, தாமே தீர்மானித்து, தாமே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். வரதட்சிணை ஒரு பைசா வாங்கவில்லை. பெண் வேறு உட்பிரிவைச் சேர்ந்தவள் என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. தகப்பனார் பிள்ளை பக்கம் நின்றார். நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. நம் மாட்ரிமோனியல் பக்கங்களில் வரும் சில விளம்பரங்களைப் பார்க்கும்போது, நாம் அதற்கப்புறம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

நிதித் துறையில் கல்யாணமான ஆபீசர்களுக்கு மாதம் 150 ரூபாய் அதிகப்படி உண்டு. அந்த அலவன்ஸுக்காகத்தான் தம்மைக் கல்யாணம் செய்துகொண்டாரோ என்று லோகசுந்தரி அம்மாள் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வாராம். எல்லாம் சேர்த்துச் சம்பளம் 400 ரூபாய். அரிசி சொற்ப விலைக்கு விற்ற காலம். பதினெட்டு வயதுப் புருஷன், இன்னும் சிறு பெண்ணான மனைவி. பாஷை தெரியாத ஊர். கடுகெண்ணெய் வாசனை. மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை, பக்கத்து வீட்டில் தமிழ் பேச ஆள் இருந்தார்களோ இல்லையோ. பம்பாயிலும் தில்லியிலும் முதல் போஸ்டிங்கில் குடித்தனம் வைத்த நம் அங்கத்தினர்களின் மனைவிமார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்கத்தா போய்ச் சில நாட்களுக்குள் அது நடந்தது. ஆபீசிலிருந்து டிராமில் திரும்பும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இந்தியன் அஸோஸியேஷன் ஃபார் தி கல்டிவேஷன் ஆஃப் சயின்ஸ். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற சிப்பந்தி.

அந்த இடத்தின் கதை தனிக்கதை. பகவான் ராமகிருஷ்ண பரமஹம்சருக்குக் கடைசிக் காலத்தில் வைத்தியம் பார்த்தாரே டாக்டர் மஹேந்திரலால் ஸர்க்கார், அவர் 1876ல் ஆரம்பித்தது. இந்தியர்கள் தாங்களாகவே, சர்க்கார் தயவில்லாமல், விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஜன்மம் முழுவதும் நன்கொடை வசூலித்துக் கட்டடம் கட்டினார், கருவிகள் வாங்கி வைத்தார். பிரசங்கங்கள் நடந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள்தான் வரவில்லை. மனக்குறையுடன் 1904ல் காலமானார். மூன்று வருஷம் கழித்து, தலைப்பாகை கட்டிய ஒரு மதராஸிப் பையன் வந்து கதவைத் தட்டியபோது, காரியதரிசியாக இருந்த அவர் பிள்ளை அம்ருதலால் ஸர்க்காருக்கு எப்படி இருந்திருக்கும்!

அதிலிருந்து பத்து வருஷம் ராமனின் தினசரி நேரப்பட்டியலை லோகசுந்தரி அம்மாள் சொல்லி வைத்திருக்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அஸோஸியேஷன். ஒன்பதே முக்காலுக்கு வீடு. குளியல், அவசர அவசரமாக இரண்டு வாய் சாதம், நேரமாகிவிட்டதால் வண்டி பிடித்து ஆபீஸ். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேரே அஸோஸியேஷன். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுதும் அஸோஸியேஷனில்.

இதை நான் ஒரு ஆபீசராகப் படிக்கிறேன். நடுவில் இருக்கும் அந்த ஏழு மணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. அது ஒப்புக்குப் பார்த்த வேலை அல்ல. நன்றாக வேலை செய்தார் என்றும், அவர் போனதில் இலாகாவுக்கு வருத்தம் என்றும் பதிவு இருக்கிறது. கணக்கு வேலையின் குணம் எனக்குத் தெரியும். ஒரு கூட்டல் பொருந்தவில்லை என்றால் பொருந்தும்வரை மனசு வேறெங்கும் போகாது. மாலை ஐந்து மணிக்கு மண்டை கொதிக்கும். அந்த மண்டையோடு போய் ஒரு தந்தியின் அதிர்வைப் போட்டோ பிடிப்பது என்றால்! நான் அந்த நேரத்தில் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டிகூடப் போட்டதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தப் பத்து வருஷத்தில் அவர் செய்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒலி, அதிர்வு, நரம்பிசைக் கருவிகள். பிற்பாடு புகழ் தந்த ஒளிச் சிதறல் அல்ல. சங்கீதத்தில் இருந்த ஈடுபாடு ஒரு காரணம். பிடில், வீணை, தம்புரா, மிருதங்கம் என்று எல்லாவற்றையும் பின்னாளில் அலசினார். மிருதங்கத்தின் வலந்தலையில் அந்தக் கறுப்புச் சாந்தை ஏன் இடுகிறார்கள், அதனால்தான் சாதாரணத் தோல்வாத்தியத்துக்கு இல்லாத சுருதிசுத்தமான மேல்ஸ்தாயி ஸ்வரங்கள் அதற்கு எப்படிக் கிடைக்கின்றன என்று விஞ்ஞான உலகத்துக்குக் காட்டியவர் அவர். ஆனால் எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. ஒலி ஆராய்ச்சிக்குச் சூரியன் வேண்டாம். ராத்திரி ஏழு மணிக்கும் தந்தி அதிரும். பகலில் ஆபீசில் இருப்பவன் எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் செய்வான். இது என் அனுமானம்தான். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

வீட்டில் அந்த அம்மாள் ஐந்தரையிலிருந்து பத்துவரை என்ன செய்திருப்பார்? பத்து வருஷத்துக்கு மேல் குழந்தையும் இல்லை. வீணையை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். எந்த வீணையைக் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டாரோ அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அவர் நாலு தெரு தள்ளி வீணையின் குதிரை எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பத்தியை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, நானும் மார்ச் மாதங்களில் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவேன், நோபல் பரிசு மட்டும் இன்னும் வரவில்லை என்றாள்.

1909ல் ரங்கூனுக்கு மாற்றல், அடுத்த வருஷம் நாகபுரி. மாற்றல் உத்தரவு வந்தால் நாம் பாத்திரம் பண்டத்தைக் கட்டுவோம்; அவர் கருவிகளையும் கட்டினார். போன இடத்தில் வீட்டின் ஒரு பகுதியே ஆராய்ச்சிச் சாலை. 1910ல் தகப்பனார் காலமானார். 1911ல் மறுபடி கல்கத்தா வந்ததும் அஸோஸியேஷனை ஒட்டியே வீடு பிடித்து, நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துக்கொண்டார். எந்த நேரமும் போகலாம், வரலாம். லோகசுந்தரி அம்மாளுக்கு இதில் சௌகரியமா அசௌகரியமா என்று சொல்வது கடினம். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்றாவது தெரியும்.

1983ல் எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. முதல் மாதமே ஒரு சனிக்கிழமை பௌபஜார் தெருவைத் தேடிப் போனேன். தெருவுக்கு விபின் பிஹாரி கங்குலி தெரு என்று பெயர் மாறியிருந்தது. டிராம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 210ஆம் எண்ணைக் கண்டுபிடித்தேன். அஸோஸியேஷன் சுதந்திரத்துக்குப் பிறகு ஜாதவ்பூருக்குக் குடிபோய்விட்டது. பழைய கட்டடத்தைக் காணோம். அந்த இடத்தில் கோயங்கா வணிகவியல் கல்லூரி நின்றது. காவலாளியிடம் என் அரைகுறை வங்காளியில் ராமன் என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, பிள்ளைக்கு பி.காம். சேர்க்கையா என்று விசாரித்தான். கணக்கிலிருந்து தப்பி ஒருவர் பௌதிகத்துக்கு ஓடிவந்த இடத்தில் இப்போது கணக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே டிராம் ஏறினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்கத்தா சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி, தாரகநாத் பாலித் என்ற பெரிய வக்கீல் கொடுத்த நன்கொடையில் ஒரு பௌதிகப் பேராசிரியர் பதவியை உண்டாக்கி ராமனை அழைத்தார். பேச்சு 1914ல் ஆரம்பம், சேர்ந்தது 1917ல். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நன்கொடைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை. அதற்காகச் சீமை போக மாட்டேன் என்று ராமன் மறுத்துவிட்டார், நிபந்தனை தளர்த்தப்பட்டது. சம்பளக் கணக்கு என்ன? சர்க்காரில் அப்போது சுமார் 1,100 ரூபாய். பேராசிரியருக்கு 600. இலாகாவின் உச்சிப் பதவிக்குப் போகக்கூடியவர், நிச்சயமான பென்ஷன். வயது இருபத்தெட்டு. தகப்பனார் இல்லாத பெரிய குடும்பம்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பி.எஸ்ஸி. முடித்தபோது எனக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. அப்பா ரிடையராக எட்டு மாதம். கீழே இரண்டு தங்கைகள். சர்க்கார் உத்தரவு தபாலில் வந்த அன்று வீட்டில் பாயசம். எனக்கு அதில் யார்மேலும் குறையில்லை. தங்கைகள் சௌக்கியமாக இருக்கிறார்கள். ஆனால் ராமனின் ராஜிநாமாவை ஒரு மேதையின் துணிச்சல் என்று நாலு வார்த்தையில் தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. மாதம் 500 ரூபாய் குறையப்போகிறது என்பதை அவர் வீட்டில் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. அந்தச் சாயங்காலத்தை நான் பல தடவை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். என் கற்பனையில் லோகசுந்தரி அம்மாள் ஒன்றும் சொல்லாமல் இலை போடுகிறார்.

1921ல் முதல் கடற்பயணம், ஆக்ஸ்ஃபோர்டு மகாநாட்டுக்கு. மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பம் அல்ல, தண்ணீரே ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று திரும்பும் கப்பலிலேயே சட்டைப் பையில் இருந்த ஒரு நிக்கல் பட்டகத்தை வைத்துப் பார்த்துவிட்டார். அதிலிருந்து ஏழு வருஷம் ஒளிச் சிதறல்தான் வேலை.

விஞ்ஞானம் படிக்காத அங்கத்தினர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு நிற ஒளியைத் திரவத்தில் பாய்ச்சினால் சிதறும் ஒளியும் பெரும்பாலும் அதே நிறத்தில்தான் இருக்கும். ஆனால் சுமார் ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று, மூலக்கூறோடு கொஞ்சம் சக்தியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, நிறம் மாறி வெளியே வரும். அந்த மாற்றம் அந்த மூலக்கூறின் கைரேகை மாதிரி. அதைக் கண்டதுதான் ராமன் விளைவு. இன்று மருந்துக் கம்பெனியிலிருந்து வைரப் பரிசோதனைவரை அதை உபயோகிக்கிறார்கள்.

அதன் முதல் தெளிவான அடையாளங்களில் ஒன்றைக் கண்டவர் எஸ். வேங்கடேசுவரன். அவர் முழுநேர மாணவர் அல்ல. அலிப்பூரில் சர்க்கார் டெஸ்ட் ஹவுஸில் ரசாயன உத்தியோகம். ஆபீஸ் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும்தான் பௌபஜாருக்கு வர முடியும். கிளிஸரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாக வருகிறது என்று பார்த்துச் சொன்னார். அந்தப் பரிசோதனைக்கு அப்போது வெளிச்சம் சூரிய வெளிச்சம். வேங்கடேசுவரன் ஆபீஸிலிருந்து வந்து சேரும்போது சூரியன் இருக்காது. ஆகவே ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனைக் கூப்பிட்டுத் தொடரச் சொன்னார். 1928 பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் ஆரம்பித்தார். அந்த நாட்களின் டயரி எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கிருஷ்ணனும் வேங்கடேசுவரனும் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ராமன் தாமே அவர்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டாராம். காலையில் பார்த்ததன் அர்த்தம் பிடிபட்டுவிட்ட பரபரப்பு; விடியும்வரை பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 28ஆம் தேதி ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் முடிவு நிச்சயமாயிற்று. மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி. மாஸ்கோவில் இரண்டு ரஷ்யர்கள் படிகத்தில் அதே விளைவைக் கிட்டத்தட்ட அதே நாட்களில் பார்த்துவிட்டார்கள், பிரசுரத்தில் பின்தங்கினார்கள். கிருஷ்ணனுக்குப் பரிசில் பங்கு கிடைத்திருக்க வேண்டாமா என்று நம்மவர்கள் இன்றும் வாதம் செய்கிறார்கள். என் மனசு அதில் போவதில்லை. வேங்கடேசுவரனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 1907லிருந்து 1917வரை ராமன் எப்படி இருந்தாரோ அதே நிலைமையில் இருந்தவர். பகல் முழுவதும் சர்க்காருடையது. அன்று இரவு ஒன்பது மணிக்கு அவரும் கீழே இறங்கிப் போய், ராமன் சொன்னதைக் கேட்டிருப்பார். காலையில் டெஸ்ட் ஹவுஸுக்கு லேட்டாகாமல் போயிருப்பார்.

1929ல் ஸர் பட்டம். நோபல் 1928லேயே வரும், 1929ல் வரும் என்று எதிர்பார்ப்பு, வரவில்லை. 1930ல் அறிவிப்பு வருவதற்கு நாலு மாதம் முன்பே, ஜூலையில், தமக்கும் மனைவிக்கும் சேர்த்துக் கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கர்வம் என்பார்கள். கர்வம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நவம்பரில் அறிவித்தால் டிசம்பர் 10க்குள் ஸ்டாக்ஹோம் போய்ச்சேர வேண்டும். கப்பலில் போக நாள் பிடிக்கும். கணக்குத் துறையில் பழகியவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார் என்றும் பார்க்கலாம். மேடையில் தம் தலைக்கு மேல் பிரிட்டிஷ் கொடி இருந்ததைப் பார்த்துக் கண்ணில் நீர் வந்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

பாடப்புத்தகம் இங்கே முடிந்துவிடும். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இன்னும் நாற்பது வருஷம் பாக்கி.

1933ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு முதல் இந்திய டைரக்டராகப் போனார். பௌதிகத் துறையைப் புதிதாக உண்டாக்கினார். ஹிட்லரால் விரட்டப்பட்ட ஜெர்மானிய மேதைகளை இங்கே கொண்டுவரப் பார்த்தார். மாக்ஸ் பார்ன் வந்து சில மாதம் இருந்தார். ஆனால் மற்ற இலாகாக்களின் பணம் பௌதிகத்துக்குப் போகிறது என்று புகார் எழுந்தது. ராமனுக்கு நாக்கு கூர்மை; சமாதானமாகப் போகத் தெரியாது. விசாரணைக் கமிட்டி 1936ல் வந்தது. 1937ல் டைரக்டர் பதவியை விட வேண்டியதாயிற்று. அதற்கு நடுவே, 1934ல், கல்கத்தாவில் அவர் உயிரைக் கொடுத்து வளர்த்த அஸோஸியேஷனிலும் கட்சி கட்டி அவரை வெளியேற்றிவிட்டார்கள்.

தப்பு முழுக்க எதிர்த்தரப்பில்தான் என்று நான் எழுத மாட்டேன். பட்ஜெட்டை ஒரே பக்கம் சாய்த்தால் ஆட்சேபணை எழுதத்தான் செய்வார்கள், நானும் எழுதியிருப்பேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை யோசியுங்கள். டைரக்டர் பதவி போயிற்று. பேராசிரியராக அதே வளாகத்தில் 1948வரை பதினோரு வருஷம் இருந்தார். தாம் உட்கார்ந்த அறையில் வேறொருவர். அதே வாசல், அதே மரங்கள், நேற்றுவரை எழுந்து நின்ற அதே சிப்பந்திகள். ஆபீசில் பதவி இறங்கிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மத்தியான டிபன் நேரத்தில் எந்த மேஜைக்குப் போவது என்று தெரியாமல் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். நோபல் பரிசு வாங்கினவருக்கும் தினமும் காலையில் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அவர் போனார், வேலை செய்தார். ஹோமி பாபாவும் விக்ரம் ஸாராபாயும் யுத்த காலத்தில் அங்கே அவரோடு இருந்தவர்கள். படிகங்களின் அதிர்வு பற்றி பார்னோடு பெரிய விவாதம் வந்தது. அதில் பார்ன் சொன்னதுதான் நிலைத்தது, ராமன் சொன்னது நிலைக்கவில்லை. கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ரிடையரானதும் 1948ல் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் சொந்த இன்ஸ்டிடியூட். ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார். சர்க்கார் பணம் வாங்கினால் சர்க்கார் கணக்குக் கேட்கும் என்று வாங்க மறுத்தார். கணக்குக் கேட்பது எப்படிப்பட்டது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்! ஆரம்பத்தில் மின்சாரம்கூட இல்லை. கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியை உள்ளே திருப்பிப் பரிசோதனைகள். 1954ல் பாரத ரத்னா வந்தது. வாசலில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை என்று பலகை மாட்டினார். ஆனால் பள்ளிக்கூடக் குழந்தைகள் வந்தால் தாமே இருட்டறைக்குக் கூட்டிப்போய், வைரங்களும் தாதுக்களும் ஒளிவிடுவதைக் காட்டிச் சிரிப்பார். மற்ற நேரம் ரோஜாத் தோட்டம், யூகலிப்டஸ் மரங்கள், பூக்களின் நிறம் பற்றிய ஆராய்ச்சி. அருமை மாணவர், சகோதரியின் பிள்ளை பஞ்சரத்னம் 1969ல் ஆக்ஸ்ஃபோர்டில் முப்பத்தைந்து வயதில் இறந்தது பெரிய அடி. அதற்கு முந்தின வருஷம் லண்டன் ராயல் ஸொஸைடியின் உறுப்பினர் பதவியையும் ராஜிநாமா செய்திருந்தார்.

வருஷா வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி காந்தி நினைவுச் சொற்பொழிவு செய்வார். 1970லும் செய்தார். சில வாரங்களில் ஆராய்ச்சிச் சாலையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கச் சம்மதிக்கவில்லை. தம் மரங்களுக்கு நடுவில் கொண்டுவந்து விடச் சொன்னார். நவம்பர் 21ஆம் தேதி விடியற்காலையில் பிரிந்தார். சடங்குகள் வேண்டாம், தோட்டத்திலேயே தகனம் செய்யுங்கள், சமாதி கட்டாதீர்கள், ஒரு மரம் வைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். அந்த இடத்தில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு மரம் இருக்கிறது.

லோகசுந்தரி அம்மாள் அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார், 1980ல் காலமானார். அந்த நேரப்பட்டியல், ஐந்தரை, ஒன்பதே முக்கால், ஐந்து, பத்து என்று நமக்குக் கிடைத்திருப்பது, சமையலறையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் சொல்லித்தான்.